பட்சி சாஸ்திரி சலீம் அலி

மேல்நாடு சென்று கல்வி பயின்று மீள்வோர் பெரும்பாலும் தம் பெயருக்குப் பின்னே இரண்டொரு எழுத்துக்களைச் சேர்த்துக்கொண்டு வருவர். அவ்வெழுத்துக்களைக் கண்டு உத்தியோகம் வரும். உத்தியோகத்தைக் கண்டு உற்றார் வருவர். பம்பாய்வாசியாகிய சலீம் அலி 1930-ஆம் ஆண்டில் ஜெர்மனியினின்றும் தாயகம் திரும்பியபொழுது அவர் பெயருக்குப் பின்னே ஓரெழுத்தும் ஏறவில்லை. செல்லும்பொழுது இருந்த உத்தியோகமும் திரும்பும்பொழுது இல்லாதொழிந்தது. ஆயினும் அந்நாட்டில் தம் கைகளால் செய்து பழகிய தொழிலொன்றை அவர் உடன் கொணர்ந்தார். உயிருள்ள பறவையைச் சேதமின்றிப் பிடித்து, அதன் காலிலே மெல்லிய உலோக வளையமொன்றைப் பூட்டி, மீண்டும் வானிலே விட்டுவிடுவதே அத்தொழிலாகும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இது, பிற்காலத்தில் நம் நாட்டின் ஏரிகளையும் சதுப்பு நிலங்களையும் காப்பதற்கு எவ்வாறு துணைபுரிந்தது என்பதை அவர் வரலாற்றினின்றும் அறியலாம்.

இன்று மும்பை எனப்படும் பம்பாய் மாநகரில், சுலைமானி போரா வகுப்பைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பமொன்றில், 1896-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ஆம் தேதி சலீம் அலி கடைக்குட்டியாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்த அக்குழந்தையை, மக்கட்பேறில்லாத தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும் அவர்தம் மனைவி ஹமீதா பேகமும் கேத்வாடிப் பகுதியிலிருந்த தம் இல்லத்தில் வைத்து வளர்த்தனர். அவ்வில்லத்தில் பிள்ளைகள் பலர். வேட்டையில் விருப்பமும் உண்டு. மாமன் அளித்த காற்றுத் துப்பாக்கியால் சிறுவன் சலீம் குருவிகளைச் சுட்டுத் திரிந்தான்.

ஒருநாள் விழுந்த குருவியொன்று ஏனையவற்றைப் போன்று இல்லை; அதன் கழுத்திலே மஞ்சள் நிறத்தில் ஒரு தீற்று இருந்தது. மார்க்கத்தின்படி உண்ணத்தக்கதோ தகாததோ என்னும் ஐயம் பிறக்கவே, சிறுவன் அதனை மாமனிடம் கொண்டுபோனான். வேட்டையில் வல்லவராயினும் அவராலும் அதன் இனத்தைச் சொல்ல முடியவில்லை. ஆகவே, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் கௌரவக் காரியதரிசியாயிருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயரிடம் கடிதமொன்று கொடுத்தனுப்பினார். 1883-இல் தோன்றிய அச்சங்கத்தின் வாயிற்படியை ஏறுவதற்குப் பத்து வயதுச் சிறுவன் எவ்வளவு அஞ்சியிருப்பான் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். மில்லார்டு அவனை விரட்டவில்லை. இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து, பதம் செய்யப்பெற்ற பறவையுடல்களைக் காட்டி, அவன் கொணர்ந்த குருவியின் இனத்தையும் பெயரையும் எடுத்துரைத்தார். படிக்கப் புத்தகங்களும் தந்தார். பறவையின் தோலை உரித்துப் பதப்படுத்தும் முறையை அவனுக்குக் கற்பிக்கவும் ஏற்பாடு செய்தார். அன்று மில்லார்டு வேலை மிகுதியைக் காரணம் காட்டி அச்சிறுவனைத் திருப்பி அனுப்பியிருப்பின், இவ்வரலாற்றை எழுத நேர்ந்திராது.

கல்லூரிப் படிப்பில் சலீம் அலி சிறந்து விளங்கினாரென்று சொல்வதற்கில்லை. தலைவலி நோயால் வருந்திய அவர் 1913-இல் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் அரும்பாடுபட்டே தேறினார். பம்பாய் தூய சேவியர் கல்லூரியில் சேர்ந்தும், கணக்கின் கொடுமையைத் தாங்கமாட்டாது முதலாண்டிலேயே விலகி, பர்மாவிலுள்ள தவாய் என்னும் இடத்திற்குச் சென்று குடும்பத்தாரின் வுல்பிரம் சுரங்கத்தையும் மரவாணிபத்தையும் மேற்பார்த்து வந்தார். வாணிபம் வளர்ந்ததோ இல்லையோ, சுற்றிலுமிருந்த காடு அவர் கண்களுக்கு நல்ல பயிற்சியளித்தது. 1917-இல் திரும்பி வந்து வாணிபச் சட்டமும் கணக்கியலும் பயிலத் தொடங்கினார். அப்பொழுது தூய சேவியர் கல்லூரியிலிருந்த பிளாட்டர் பாதிரியார், தாவர நூலில் பெரும்புலமை வாய்ந்தவர், இவருடைய உள்ளம் எதில் ஊன்றியிருக்கிறதென்பதைக் கண்டுகொண்டு, விலங்கு நூலையும் கற்குமாறு தூண்டினார். 1918-ஆம் ஆண்டு டிசம்பரில் சலீம் அலி தமக்கு உறவினரான தெஹ்மினா பேகத்தை மணந்தார். அம்மையார் செய்த உதவியைப் பின்னர்க் காண்போம்.

சர்வகலாசாலைப் பட்டமின்மையால் அரசாங்கத்தாரின் விலங்காராய்ச்சிப் பகுதியில் அவருக்கு இடங் கிடைக்கவில்லை. 1926-இல், அந்நாளில் வேல்ஸ் இளவரசரின் பெயர் தாங்கியிருந்த பம்பாய்ப் பொருட்காட்சிசாலையில், காண வருவோருக்கு விளக்கமுரைக்கும் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 350 ரூபாய். கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற உயிரற்ற பறவைகளைப் பற்றி இரண்டாண்டுகள் பேசியபின், அவர்க்குத் தம் அறிவின் குறை நன்கு புலனாயிற்று. விடுப்புப் பெற்றுக்கொண்டு ஜெர்மனிக்குக் கப்பலேறினார். பெர்லின் சர்வகலாசாலையைச் சார்ந்த விலங்கியல் பொருட்காட்சிசாலையில் எர்வின் ஸ்டிரெஸ்மன் என்னும் பேராசிரியர் அவரை ஏற்றுக்கொண்டார். பறவை நூலை வெறும் பெயர்ப்பட்டியலென்னும் நிலையினின்றும் உயர்த்தி, உயிர்நூலின் ஓர் அங்கமாக்கிய அறிஞர்களுள் முன்னணியில் நின்றவர் ஸ்டிரெஸ்மன்.

பர்மாவில் ஸ்டான்போர்டு என்பார் சேகரித்த பறவைத் தோல்களை ஆராய்வது பெர்லினில் சலீம் அலிக்கு வாய்த்த வேலைகளுள் ஒன்று. இது டைஸ்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கில அறிஞருக்கு உவப்பாயில்லை. ஓர் இந்தியர் அப்பணியில் கலந்துகொள்வதும், அதனினும் மேலாக ஒரு ஜெர்மானியர் அதற்கு வழிகாட்டுவதும் தகாதென்று அவர் பம்பாய்ச் சங்கத்தாருக்கு எழுதினார். அறிவுலகத்திலும் கொடிகளும் எல்லைகளும் உண்டென்பதைச் சலீம் அலி அன்று உணர்ந்திருப்பார். ஆனால் ஸ்டிரெஸ்மன் அந்த எல்லைகளைப் பாராட்டவில்லை. இந்திய மாணவரைத் தம் மாணவராகவே நடத்தினார். ஸ்டிரெஸ்மனைத் தம் குருவென்று சலீம் அலி இறுதிவரை போற்றி வந்தார். ஹைன்ராத் என்பவரின் பழக்கமும் பெர்லினில் கிடைத்தது. அவர் தம் மனைவியாருடன் தம் இல்லத்திலேயே காட்டுப் பறவைகளின் முட்டைகளைப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை வளர்த்து, அவற்றின் இயல்புகளை நாள்தோறும் குறித்து வைத்தவர். செத்த பறவையைக் கொண்டு அறியக்கூடியது ஓரளவே என்னும் எண்ணம் இத்தகையோருடன் பழகியதால் வலுப்பெற்றிருத்தல் வேண்டும்.

அவ்வெண்ணத்திற்குக் கைப்பழக்கமாக அமைந்தது ஹெலிகோலந்துத் தீவு. ஜெர்மனியின் கரைக்கு அப்பால் வடகடலின் நடுவே செந்நிறப் பாறையாக எழுந்து நிற்பது அது. பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டரே. ஆங்கிலேயர் வசமிருந்து 1890-இல் ஜெர்மானியர் கைக்கு மாறியது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கண்டம்விட்டுக் கண்டம் செல்லும் பறவைக் கூட்டங்கள் அக்கடலைக் கடக்கையில், களைத்தவை அப்பாறையில் இறங்கும். இருண்ட இரவுகளில் கலங்கரை விளக்கின் ஒளியைச் சுற்றிப் பறவைகள் ஆயிரக்கணக்கில் மொய்க்கும். கேட்கே என்னும் ஓவியர் அத்தீவில் குடியேறி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கு இறங்கிய பறவைகளைக் கண்டு குறித்து, 1891-இல் நூலாக வெளியிட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்வதற்காக, 1910-இல் வைகோல்டு என்பார் அங்கே பறவை நிலையமொன்றைத் தொடங்கினார்.

தீவினர் நம் பூங்குருவிக்கு இனமான பறவைகளை உண்பதற்காகப் பிடிக்கும் வழக்கமுடையவர். மரஞ்செடி அற்ற பாறையிலே புதர்களை நட்டு, அதன்மேல் வலை விரித்து, தஞ்சம் தேடிவரும் பறவைகளை அகப்படுத்துவர். நிலையத்தார் அம்முறையையே எடுத்து வேறு பயனுக்கு மாற்றிக்கொண்டனர். புதரும் நீர்நிலையும் கொண்ட சிறு தோட்டம் ஒன்று. அதன்மேல் அகன்ற வாயினையுடைய கம்பிவலைக் கூடம். அக்கூடம் உள்ளே செல்லச் செல்லப் புனல்போற் குறுகி, முடிவில் கண்ணாடி பதித்த சிறு பெட்டியிற் சென்று முடியும். மெல்லத் துரத்தப்பெற்ற பறவை வெளிச்சத்தை நோக்கிப் பறந்து பெட்டிக்குள் இறங்கிவிடும். அதனைக் கையிலெடுத்து, இனமும் வயதும் பாலும் தேர்ந்து, இறகின் நீளத்தை அளந்து, எண்ணும் முகவரியும் பொறித்த வளையத்தைக் காலிலிட்டு, கணக்கேட்டில் பதிந்து விட்டுவிடுவர். இறுகப் பிடித்தால் அதன் மூச்சு நிற்கும். தளரப் பிடித்தால் சிறகு முறியும். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கழுத்தை அடக்கி, உள்ளங்கையில் முதுகைச் சாய்த்துப் பிடிக்கும் பழக்கம் நூலைப் படித்து வருவதன்று. இத்தகைய நிலையங்கள் எந்நாட்டிலும் பெரும்பாலும் கூலி பெறாது உழைக்கும் அன்பர்களின் கைகளாலேயே நடைபெறுகின்றன. ஜெர்மனியில் இருந்த நாட்களில் சலீம் அலி ஹெலிகோலந்து சென்று வளையமிடும் இவ்வேலையைப் பழகிக்கொண்டார்.

வளையமிடுதலின் கருத்து எளியது. 1899-இல் மார்டென்சென் என்னும் டென்மார்க்கு நாட்டுப் பள்ளி ஆசிரியர் மைனாவின் இனத்தைச் சேர்ந்த பறவைகளுக்கு அலுமினிய வளையமிட்டு இம்முறையை ஒழுங்குபடுத்தினார். வளையமிட்ட பறவை வேறோரிடத்தில் அகப்படுமாயின், அது சென்ற வழியின் இரு முனைகள் நமக்குத் தெரியவரும். இதனால் விளையும் மற்றொரு தெளிவும் உண்டு. ஒரு நாட்டில் கூடு கட்டி மற்றொரு நாட்டில் குளிர்காலத்தைக் கழிக்கும் பறவைக்கு இரண்டு வீடுகள். இடையே தங்குமிடங்கள் பல. அவற்றுள் ஒன்று அழிந்தாலும் ஏனையவற்றைக் காத்து என்ன பயன்? பறவையைக் காப்பதென்பது நிலத்தையும் நீரையும் காப்பதே என்னும் முடிவிற்கு வளையம் நம்மை இட்டுச் செல்கிறது.

1930-இல் பம்பாய் திரும்பினார். பணமின்மையால் பொருட்காட்சிசாலையில் அவருடைய வேலை எடுக்கப்பட்டுவிட்டது. செலவைச் சுருக்கி வாழ்வதற்காக, பம்பாய்க்கு அருகில் கடற்கரைக் கிராமமாகிய கிஹீமில் மனைவியாருடன் குடியமர்ந்தார். வேலையற்றவர் வீட்டருகே தூக்கணாங்குருவிகள் ஓயாது வேலை செய்துகொண்டிருந்தன. நாள்தோறும் அவற்றைப் பார்த்திருந்து அவர் கண்டறிந்த செய்தி சுவையானது: ஆண் குருவி கூட்டைப் பாதியளவு முடைந்து நிறுத்திக்கொள்ளும், பெண் குருவி வந்து பரிசோதித்துப் பிடித்தமானதைத் தெரிந்துகொண்டால் மீதியை ஆண் முடிக்கும், அப்பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் வேறொரு கூட்டை முடையத் தொடங்கி வேறொரு பெண்ணை அழைக்கும். இதனைச் சங்கத்தின் பத்திரிகையில் எழுதி வெளியிட்டார். அறிஞருலகம் அவரை அறிந்துகொண்டது. நம் சிறுவர் பனையோலையில் தொங்கக் கண்டு கல்லெறியும் கூட்டிலிருந்து இவ்வளவும் கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்துத் தொடங்கியது அவர் வாழ்வின் நெடும்பயணம். சுதேச சமஸ்தானங்களில் எவ்வெப் பறவைகள் எங்கெங்கு வாழ்கின்றன என்னும் கணக்கு அந்நாளில் மிகக் குறைவு. அக்கணக்கை எடுத்துத் தருவதாகவும், தமக்குச் சம்பளம் வேண்டாவெனவும், முகாமுக்கும் போக்குவரவுக்கும் ஆகும் செலவை மட்டும் சமஸ்தானத்தார் ஏற்றால் போதுமெனவும் அவர் தெரிவித்துக்கொண்டார். முதலில் ஹைதராபாத்; பின்னர்க் கொச்சி, திருவாங்கூர்; அப்பால் குவாலியர், இந்தூர், போபால் என நீண்டது. வேலையில்லாத ஒருவர் ஊதியமில்லாப் பணியைத் தாமே கேட்டுப் பெறுவதை உலகம் பேதைமை என்றே கூறியிருக்கும். கூடாரமும் மாட்டுவண்டியுமாகக் காட்டிலே கழிந்த அந்நாட்களில், இல்வாழ்வின் வசதிகளுக்குப் பழகியிருந்த தெஹ்மினா அம்மையார் முகாம் வாழ்வை மனமுவந்து ஏற்று, அதன் நிர்வாகத்தைத் தாமே பார்த்துக்கொண்டார். கோத்தகிரியிலும் அவர்கள் சிறிது காலம் தங்கினர். பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டின் பறவை வளத்தைச் சலீம் அலி எடுத்துக்காட்டியது அப்பயணங்களின் பயனே. பல்லாண்டு கழித்து 1983-இல் அவ்விடம் சரணாலயமாயிற்று. 1939-இல் அம்மையார் சிறியதோர் அறுவைச் சிகிச்சையை அடுத்து எதிர்பாராது காலமானார். அதன்பின் சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

இங்கு ஒன்றைக் குறிப்பிடாது விடுதல் நேர்மையன்று. இப்பயணங்களில் அவர் துப்பாக்கியையும் உடன் கொண்டு சென்றார். பறவைகளைச் சுட்டுப் பதப்படுத்திச் சேர்த்தார். ஆராய்ச்சியின் பொருட்டுச் சில உயிர்களை எடுப்பது இன்றியமையாததென்று அவர் கருதினார், அதனை மறைத்ததுமில்லை. ஓரினத்தை அழிப்பது ஆராய்ச்சியாளன் எடுக்கும் சில உடல்களல்ல, அது வாழும் காட்டையும் சதுப்பையும் ஒழிப்பதே என்பது அவர் கொள்கை. இதனை ஒப்பாதவர் அன்றும் இருந்தனர், இன்றும் இருப்பர். என்னளவில், சுடுவதும் வளையமிடுவதும் ஒரே மனிதரின் இரு கைகளாயிருந்தன என்பதும், ஆண்டுகள் செல்லச் செல்ல இரண்டாவது கையே ஓங்கியது என்பதும் தெளிவு.

1941-இல் வெளியான இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் இல்லந்தோறும் பறவை பார்ப்போரை உண்டாக்கியது. சுதந்திரத்திற்குப் பின் பொருள்முடையால் தள்ளாடிய பம்பாய்ச் சங்கத்தைக் காக்க அவர் பிரதமர் நேருவின் உதவியை நாடிப் பெற்றார். அமெரிக்கராகிய ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிப் பெருநூல் 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. பட்டங்களும் பரிசுகளும் பின்தொடர்ந்தன. 1958-இல் பத்மபூஷண், 1976-இல் பத்மவிபூஷண், 1985-இல் ராஜ்யசபை நியமனம். இவற்றை இவ்வளவில் நிறுத்துவோம்.

ஹெலிகோலந்தில் பழகிய கைத்தொழிலுக்கு முப்பதாண்டுகளுக்குப் பின்னரே முழுவேலை வந்தது. 1957-இல் மைசூர் இராச்சியத்துச் சிமோகாப் பகுதியில் கியாசனூர் என்னும் காட்டில் குரங்குகள் மடிந்தன. மக்களையும் புதியதொரு காய்ச்சல் பற்றியது. ருஷ்ய நாட்டுக் காய்ச்சலொன்றை அது ஒத்திருந்தமையால், வலசை வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவோ என்னும் ஐயம் எழுந்தது. அதனை ஆராய உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் பொருளுதவியுடன் 1959-இல் பம்பாய்ச் சங்கம் பறவைகளுக்கு வளையமிடும் பெருந்திட்டத்தைத் தொடங்கிற்று. சலீம் அலி அதனை நடத்தினார். அக்காய்ச்சல் அக்காட்டுக் குரங்குகளிடத்தும் உண்ணிகளிடத்தும் வேரூன்றியதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. பறவைகள்மீது சுமத்திய பழி நிற்கவில்லை. ஆனால் வளையங்கள் வேறு செய்திகளைக் கொணர்ந்தன. ராஜஸ்தானத்துப் பரத்பூரில் வளையமிடப்பெற்ற வாத்துகள் ருஷ்யாவின் தொலைநிலங்களிற் கிடைத்தன. நம் தஞ்சைக் கடற்கரையின் கோடிக்கரையும் இப்பணியின் முக்கிய நிலையங்களுள் ஒன்றாயிற்று. 1967-இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

பரத்பூரைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஏறக்குறைய 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அச்சதுப்பு, அரசர்கள் வாத்து வேட்டைக்காக அணைநீரைப் பாய்ச்சி உண்டாக்கியது. 1938 நவம்பரில் வைசிராய் லின்லித்கோவின் கூட்டத்தார் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்திய செய்தி அங்கே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. சுதந்திரத்திற்குப் பின், நீரை வடித்து நிலத்தை உழவருக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டுமென்ற கிளர்ச்சி எழுந்தது. பசித்த மக்களின் கோரிக்கையை எளிதில் ஒதுக்கிவிட இயலுமோ? சலீம் அலி நேருவை அணுகி, அந்நிலம் சைபீரியாவினின்றும் மத்திய ஆசியாவினின்றும் வரும் பறவைகளுக்கு எத்தகைய உறைவிடம் என்பதை விளக்கினார். சதுப்பு பிழைத்தது. 1956-இல் சரணாலயமாகி, பின்னர்த் தேசியப் பூங்காவாகி, 1985-இல் உலகப் பாரம்பரிய இடங்களுள் ஒன்றாயிற்று.

ஆயினும் கதை அங்கே இனிது முடியவில்லை. சுற்றியுள்ள கிராமத்தாரின் எருமைகளும் மாடுகளும் தலைமுறைகளாக அச்சதுப்பில் மேய்ந்து வந்தன. மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு என்று சலீம் அலி உள்ளிட்ட அறிஞர் கருதினர். 1982-இல் மேய்ச்சல் அடியோடு தடுக்கப்பட்டது. கிராமத்தார் எதிர்த்தனர், போலீசார் சுட்டனர், உயிர்கள் மாண்டன. கால்நடைகள் விலகியபின், எருமை தின்று கட்டுப்படுத்தி வந்த ஒருவகை நீர்ப்புல் தடையின்றிப் பரவி நீர்ப்பரப்பை மூடிற்று. திறந்த நீர் குறையவே வாத்துகளுக்கு இடமும் குறைந்தது. நன்கு உணர்ந்தவர் என்று நாடு நம்பிய ஒருவரின் கருத்தையும் நிலம் தன்போக்கில் சோதித்துவிட்டது.

அந்நிலத்தைப் பற்றிய நெடிய ஆராய்ச்சி 1980 முதல் பத்தாண்டு நடைபெற்றது. நாள்தோறும் பறவைகளை எண்ணியும், புல்லை அளந்தும், நீரைச் சோதித்தும் இளைஞர் பலர் அங்கே உழைத்தனர். அது முடியுமுன்னரே, 1987 ஜூன் மாதத்தில், தம் தொண்ணூறாம் வயதில் சலீம் அலி பம்பாயில் காலமானார். மூன்றாண்டு கழித்து அவர் பெயரால் கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் பறவை ஆராய்ச்சி நிலையமொன்று நிறுவப்பட்டது. பரத்பூர் ஆராய்ச்சியின் முடிவும் வெளிவந்தது: எருமைகளை முற்றிலும் விலக்கியது அச்சதுப்பின் பறவைகளுக்கு நன்மை பயக்கவில்லை என்று அது எடுத்துக்காட்டியது. அவ்வாராய்ச்சியை நடத்தி அம்முடிவை வெளியிட்டவர் பிறரல்லர். கழுத்தில் மஞ்சள் தீற்றுடைய குருவியைக் கையிலேந்திச் சிறுவன் ஒருவன் படியேறிச் சென்றானே, அந்தப் பம்பாய்ச் சங்கத்தாரே.